தீயில் தப்பிய சான்றிதழ்

சேர்க்கை அறிவிப்பின் பதினான்காவது நிபந்தனை இது: ‘மூலச் சான்றிதழ்கள் மடிப்போ சுருக்கமோ இன்றி இருத்தல் வேண்டும்.’ என்னுடைய பள்ளி இறுதி மதிப்பெண் சான்றிதழ் அப்போது நான்காக மடிந்து, கால்சட்டைப் பையோடு மழையில் நனைந்து, பிழிந்து போட்ட கைக்குட்டை மாதிரி இருந்தது.

அம்மா எங்கள் தெருவில் நாற்பது வீட்டுத் துணிகளைத் தேய்த்துக் கொடுப்பவள். கரி போட்டுத் தேய்க்கும் கனத்த பெட்டி. கைப்பிடி எப்போதோ உடைந்துவிட்டது; இப்போது அந்த இடத்தில் இருப்பது ஒரு கட்டில் காலின் துண்டு. முனையில் இடது பக்கம் ஒரு நெளிசல். தவழ்கிற வயதில் நான் மேசையிலிருந்து இழுத்துக் கீழே தள்ளியதாம். பெட்டிதான் நெளிந்தது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வாள். பிள்ளையைச் சரியாகப் பரிசோதித்தாளா என்பது எனக்குத் தெரியாது.

“இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே? மாப்பிள்ளைச் சட்டையையே கண்ணாடியாட்டம் ஆக்கித் தர்றவ நான்,” என்று சொல்லிச் சான்றிதழை மேசையில் விரித்து, மேலே ஈரத்துணி போட்டுப் பெட்டியை ஓட்டினாள். மடிப்பு போனது. சுருக்கம் போனது. துணியை எடுத்துவிட்டுக் கடைசியாக ஒரு தடவை மூலையை அமுக்கினாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று “என் பேன்ட் ஆச்சா?” என்று குரல் கொடுத்தார். அம்மா திரும்பி “ஆச்சு, ஆச்சு” என்றாள். அந்த இரண்டு ‘ஆச்சு’க்குள் வலது மேல் மூலையில் இருந்த வருடமும் போய்விட்டது.

முழுதாகப் போகவில்லை. படகின் முனை போல ஒரு பழுப்புத் தழும்பு, அவ்வளவுதான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் வருடம் தெரியும்.

சேர்க்கைப் பிரிவில் ஓர் எழுத்தர் அம்மையார் இருந்தார். யார் எதைக் கேட்டாலும் “அடுத்த ஜன்னல்” என்று சொல்வதால் மாணவர்கள் அவருக்கு அடுத்த ஜன்னல் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அக்கா என் சான்றிதழைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்து, வருடத்தைப் படித்து, டிக் போட்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த பெரிய மர அலமாரியில் செருகினார்.

“சரிபார்த்துட்டுத் தந்துடுவோம்.”

“எப்பக்கா தருவீங்க?”

“சரிபார்த்துட்டு.”

நான்கு வருடம் சரிபார்த்தார்கள். மொத்தம் ஆறு பாடம். ஒரு பாடத்துக்கு எட்டு மாதம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. படிப்பு முடிந்து மற்றவர்களெல்லாம் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். என்னுடையது மட்டும் அகப்படவில்லை. “எங்க போயிடும்? அலமாரிக்குள்ளதான் இருக்கும். கிடைச்சா சொல்றேன்,” என்றார் அக்கா.

இந்த நிலையில்தான் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. கிரேன்களைப் பராமரிக்கும் உதவிப் பொறியாளர் வேலை. பத்தொன்பது நாளுக்குள் மூலச் சான்றிதழ்களோடு வந்து சேரவேண்டும். அம்மா அந்தச் செய்தியைத் தேய்த்த துணியோடு துணியாக நாற்பது வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுடைய வலது மணிக்கட்டு இரண்டு வருடமாக வீங்கி இருக்கிறது. பெட்டியைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அவருடைய கோட்டையும் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

“இவ்வளவு நாளும் நான் தூக்கினேன். இனிமே மெஷின் தூக்கட்டும், அதை இவன் பாத்துக்கட்டும். முதல் சம்பளம் வந்த அன்னிக்கே பெட்டியை ஓரங்கட்டறேன்,” என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் வாழ்த்திவிட்டு, “அதுவரைக்கும் இந்த நாலு சட்டை,” என்றார்.

மறுநாள் சேர்க்கைப் பிரிவுக்குப் போனேன். அக்கா இருந்தார். ஜன்னல் இருந்தது. அலமாரி இல்லை. அது நின்ற இடத்தில் தரை மட்டும் நீள்சதுரமாக, பிறந்த குழந்தை மாதிரி சுத்தமாக இருந்தது.

“அலமாரி எங்கக்கா?”

அக்கா கண்களை மேலே தூக்கிக் காட்டினார். எனக்குத் திக்கென்றது.

“அட, மாடிக்குப்பா. நினைவுப்பொருள் மையத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எழுபத்தஞ்சாவது ஆண்டு வருதில்ல? உன் சான்றிதழும் கிடைச்சுடுச்சு. பின்பலகைக்கும் அடித்தட்டுக்கும் நடுவுல சிக்கியிருந்துச்சாம்.”

“அப்பாடா! கொடுங்கக்கா.”

“அது இப்ப அலமாரியோட உள்ளடக்கம். மேல போய்க் கேளு.”

இங்கே கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களைத் தரம் பார்க்கும் குழு ஒன்று வரப்போவதாகவும், ‘மரபைப் பேணுதல்’ என்ற தலைப்புக்கு மட்டும் நாற்பது புள்ளிகள் என்றும் சுற்றறிக்கை வந்திருந்தது. உடனே நிர்வாகம் தன் மரபைத் தேடிப் புறப்பட்டது. நிறுவனரின் நாற்காலியைப் பிரித்து மூன்று தேர்வு பெஞ்சுகளுக்குக் கால் போட்டிருந்தார்கள். முதல் பட்டமளிப்பு விழாப் புகைப்படம் ஆசிரியர் கழிப்பறையில் உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக நின்றிருந்தது. உள்ளே இருப்பவர்களின் மானத்தை அந்த நாற்பது பட்டதாரிகள்தான் காப்பாற்றி வந்தார்கள். பழைய பதிவேடுகள் வெள்ளையடித்தபோது தரையில் விரிக்கப்பட்டுக் கடமையாற்றி முடித்திருந்தன. ஆக எழுபத்தைந்து வருடமாக யாரும் நகர்த்தாமல் மிஞ்சியது சேர்க்கைப் பிரிவின் அலமாரி ஒன்றுதான். அதையும் மரியாதையால் விட்டுவைக்கவில்லை. கனம்.

மாடியில் ‘வரலாற்று நினைவுப்பொருள் மீட்பு மற்றும் பாதுகாப்பு மையம்’ என்ற பலகை அறையைவிட நீளமாக இருந்தது. மையத்தின் இயக்குநர் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் தவளைகளை ஃபார்மலின் திரவப் புட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டியவர். மாணவர் வழக்கில் அவர் பெயர் ஃபார்மலின். காலுக்கு பிளாஸ்டிக் உறையும் கைக்கு வெள்ளை உறையும் மாட்டச் சொல்லி, பிரசவ அறைக்குள் தகப்பனை விடுவதுபோல என்னை உள்ளே விட்டார்.

நடுவில் அலமாரி. அதற்கு எண்: நி.பொ. 1. பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், மெத்தை மேல், என் சான்றிதழ். நி.பொ. 1/அ. அதற்கும் பக்கத்தில் அலமாரியில் கிடைத்த ஒரு செத்த கரப்பான்பூச்சி. நி.பொ. 1/ஆ. கரப்பானின் அறிவியல் பெயரையும் எழுதியிருந்தார்கள்.

“சார், இது என் சான்றிதழ்.”

“நம்ம எல்லாருடையதும்தான் தம்பி,” என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க.

“இல்லீங்க சார், நிஜமாவே என்னோடது. அதுல என் பேர் போட்டிருக்கு.”

“உன் பேரை உடைய வேற ஒருத்தர் உனக்கு முன்னாடி வாழ்ந்திருக்க முடியாதா? உலகத்துல நீதான் முதல் ஆளா?”

“வருஷத்தைப் பாருங்க சார். நாலு வருஷம்தான் ஆகுது. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா தெரியும்.”

இயக்குநர் இரண்டு கைகளையும் விரித்து என்னை மறித்தார். “வெளிச்சமா? நினைவுப்பொருளுக்கு வெளிச்சம் விஷம்! தூக்கறது அதைவிட விஷம். கண்டெடுத்த நிலையிலயே வெச்சிருக்கணும்னு விதி.”

“சார், துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. ஒரு தடவை காட்டிட்டுக் கொண்டுவந்துடறேன்.”

“அதாவது, பயன்படுத்தணும்ங்கறே.”

“ஆமா சார்.”

அவர் என் தோளில் கை வைத்தார். உறை மாட்டிய கை. “தம்பி, முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். ஒரு பொருள் கெட்டுப்போறதுக்கு முதல் காரணம் பயன்பாடு. குளத்துல கிடந்த தவளை எத்தனை நாள் இருக்கும்? என் புட்டியில இருக்கிறது இன்னிக்கும் அப்படியே இருக்கு. அதுக்கு ஒரு குறையும் கிடையாது.”

தவளையிடம் கேட்டீர்களா என்று கேட்க நினைத்தேன். வேலை ஆக வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அப்போதுதான் கண்ணாடிப் பெட்டியின் மேல் இருந்த விளக்க அட்டையைப் பார்த்தேன்.

‘பெருந்தீயில் தப்பிய ஒரே ஆவணம். காலம்: பல்கலைக்கழகத்தின் தொடக்க ஆண்டுகள். மூலையில் தீயின் நாக்கு தீண்டிய தடம்.’

“சார், எந்தத் தீ?”

“அதை வரலாற்றுத் துறைத் தலைவர் கண்டுபிடிச்சிட்டு இருக்கார்.”

மூன்றாம் நாள் வரலாற்றுத் துறைத் தலைவர் முன்னால், ஏழு பேர் கொண்ட குழுவின் எதிரில், நான் ஆஜரானேன். ‘பொருள்மீது உரிமை கோரும் நபர்’ என்று நிகழ்ச்சி நிரலில் என்னைக் குறித்திருந்தார்கள். எனக்கு மேல் வரிசையில் ‘தேநீர்’ இருந்தது. அது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்போது கண்ணில் ஈரம் இருந்தது.

“நண்பர்களே, நம்ம பல்கலைக்கழகத்துல முதல் இருபத்தஞ்சு வருஷத்து ஆவணம் ஒண்ணுகூட இல்லை. அது ஏன்னு என் வாழ்நாள் பூரா யோசிச்சேன். இந்தத் தழும்பைப் பார்த்ததும் விளங்கிடுச்சு. தீ! பெருந்தீ! சரி, தீ நடந்ததுக்கு ஆவணம் உண்டான்னு கேட்பீங்க. இல்லை. ஏன் இல்லை? எரிஞ்சு போச்சு. ஆவணம் இல்லைங்கறதுதான் தீக்கு ஆவணம்!”

ஏழு பேரும் மேசையைத் தட்டினார்கள். நான் கையைத் தூக்கினேன்.

“சார், அது தீ இல்லீங்க. எங்கம்மா இஸ்திரி போட்டப்ப கருகினது.”

ஏழு பேரும் என்னை அனுதாபமாகப் பார்த்தார்கள்.

“உங்கம்மா என்ன பண்றாங்க?”

“துணி தேய்க்கிறாங்க சார்.”

“பாருங்க,” என்றார் தலைவர் மற்றவர்களிடம். “பெருந்துயரத்தை மக்கள் இப்படித்தான் வீட்டுச் சாமானாச் சுருக்கி ஞாபகம் வெச்சிக்கறாங்க. மாடு கனைச்சா இடின்னு சொல்றவனும் உண்டு, இடி விழுந்தா மாடுன்னு சொல்றவனும் உண்டு.” பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் கனிவாக, “தம்பி, அம்மா முதல்நிலைச் சான்று ஆக மாட்டாங்க,” என்றார்.

எனக்கு அம்மாவைவிட முதல்நிலையில் யாரையும் தெரியாது. அதை எப்படி நிரூபிப்பது என்றும் தெரியவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. என் கோரிக்கையை நன்கொடை என்று கருதி ஏற்பது. நன்கொடையாளர் பட்டியலில் ‘பெயர் வெளியிட விரும்பாதவர்’ என்று என்னைச் சேர்ப்பது. எனக்குப் பெயரை வெளியிட விருப்பம்தான் என்றேன். “வேண்டாம்பா. பொருள்ல இருக்கிற பேரும் உன் பேரும் ஒண்ணா இருக்கும். பார்க்கிறவங்க குழம்பிடுவாங்க,” என்றார் இயக்குநர்.

கீழே இறங்கி அடுத்த ஜன்னல் அக்காவிடம் போனேன். நல்ல மனுஷி, யோசனை சொன்னார். பள்ளித் தேர்வு வாரியத்தில் விண்ணப்பித்தால் இரண்டாம் படி தருவார்களாம். மூலச் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம்.

“அப்ப கொடுங்கக்கா!”

அக்கா தட்டச்சில் தாளைச் செருகினார். ‘இதனால் சான்றளிப்பது யாதெனில்’ வரை அடித்தார். நின்றுவிட்டார்.

“அது எப்படிப்பா தொலைஞ்சுதுன்னு எழுதறது? இத்தனை நாள் தொலைஞ்சு கிடந்துச்சு. அப்ப கேட்டிருந்தா எழுதியிருப்பேன். இப்பத்தான் பத்திரமா இருக்கே!”

பத்தொன்பதாவது நாள் நினைவுப்பொருள் மையத்தின் திறப்பு விழா. துணைவேந்தர் நாடாவை வெட்டினார். வெட்டிய கத்தரிக்கோலையும் நாடாவையும் இயக்குநர் கையோடு வாங்கி எண் போட்டுவிட்டார்.

“மற்ற பல்கலைக்கழகங்கள் தங்கள் வரலாற்றை இழந்துவிட்டு நிற்கின்றன,” என்று துணைவேந்தர் முழங்கினார். “நாம் எதையும் இழக்கவில்லை. நாம் இழந்தவை யாவும் முறைப்படி, உரிய அனுமதியோடு இழக்கப்பட்டவை!” நீண்ட கைதட்டல். பிறகு பெருந்தீயில் உயிர் நீத்தவர்களுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. நானும் எழுந்து நின்றேன். எல்லாரும் நிற்கும்போது உட்கார்ந்திருந்தால் தீயை நான்தான் வைத்தேன் என்பார்கள்.

மௌனம் முடிந்ததும், ஓய்வு பெற்ற பழைய அலுவலக உதவியாளர் ஒருவர் முன்வரிசையில் எழுந்து, அந்தத் தீ தனக்கு நன்றாக நினைவிருப்பதாகவும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியதே தான்தான் என்றும் சொன்னார். அவரை மேடையேற்றினார்கள். அந்த வாளி இன்னும் இருக்கிறதா என்று இயக்குநர் விசாரித்தார்.

நன்கொடையாளர் என்ற முறையில் எனக்கும் பரிசு கொடுத்தார்கள். என் சான்றிதழின் வண்ண நகல், சட்டம் போட்டு. குறுக்கே சிவப்பு முத்திரை: ‘இந்நகல் எதற்கும் செல்லாது.’

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடைக்கூடத்தில் நின்று துறைமுகத்துக்குப் போன் செய்தேன்.

“ஒரிஜினல் எங்க சார் இருக்கு?” என்றார் அங்கிருந்த அதிகாரி.

“மியூசியத்துல இருக்கு சார்.”

“உங்களுக்கு என்ன வயசு?”

“இருபத்திரண்டு சார்.”

நல்லவர். “அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வரைக்கும் வெச்சிருக்கேன். அதுக்கு மேல பட்டியல்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவேன்,” என்றார்.

நான் நகலோடு நின்ற நிலையைப் பார்த்து இயக்குநருக்கே மனசு கேட்கவில்லை. அருகில் வந்தார்.

“தம்பி, மையத்துக்கு ஒரு வழிகாட்டி வேணும். பார்வையாளர்களுக்கு விளக்கிச் சொல்ற வேலை. தற்காலிகம்தான். நீயே இரேன். வேற யாரை எடுத்தாலும் சான்றிதழ் கொண்டுவா, சரிபார்க்கணும்னு அலையணும். உன்னோடது இங்கயே இருக்கு.”

அது என்னுடையது என்று அவரே ஒப்புக்கொண்டதைச் சுட்டிக்காட்டினேன். “வேலைக்கு எடுக்கிறதுக்கு மட்டும்,” என்றார்.

ஒத்துக்கொண்டேன். பக்கத்திலேயே இருந்தால் என்றைக்காவது கைக்குக் கிடைக்கும் என்ற நப்பாசைதான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. வெள்ளை உறை கொடுத்தார்கள். தினம் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை, என் சான்றிதழ் அருகில் நின்று, அது என்னுடையது அல்ல என்று விளக்கினேன். தீயைப் பற்றிப் பேசிப் பேசி எனக்கே புகை வாசனை அடிக்க ஆரம்பித்தது. வருபவர்களிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை இயக்குநர் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் முதல் வாக்கியம்: ‘பார்வையாளர்கள் பொருட்களைத் தொடாதீர்கள்.’

இருபதாம் தேதி வாக்கில் ஒரு நாள் காலை, கையில் பார்வையாளர் சீட்டும் காலில் பிளாஸ்டிக் உறையுமாக அம்மா வந்து நின்றாள். வாடிக்கை வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், உன் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குக் காவல் நிற்கிறான் என்று.

“கிரேன் எங்கடா?” என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டாள். குனிந்து, அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நிமிர்ந்தாள்.

“என்னது, தீயா? அட என் தலையெழுத்தே! இது நான் கருக்கினதுய்யா!” என்று அறை அதிரச் சொன்னாள். சுற்றுலா வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் கரப்பானை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்கள். சத்தம் கேட்டு இயக்குநர் ஓடிவந்தார். பின்னாலேயே வரலாற்றுத் துறைத் தலைவர்.

“ஐயா, நீங்க படிச்சவங்க. நான் சொல்றதைக் கேளுங்க. ஈரத்துணியை எடுத்துட்டு மூலையை அமுக்கினேன். எதிர்வீட்டுக்காரர் பேன்ட் கேட்டார். திரும்பினேன், கருகிடுச்சு. இதுக்கு யாரும் சாகலீங்க. என் பிள்ளை பொழப்புதான் செத்துட்டிருக்கு.”

“ஆதாரம் இருக்காம்மா?” என்றார் தலைவர்.

“ஆதாரமா? பெட்டியே இருக்கு! முனையில இடது பக்கம் நெளிஞ்சிருக்கும். இந்தத் தழும்பிலயும் அதே பக்கம் நெளிஞ்சிருக்கு பாருங்க!”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். நெளிந்துதான் இருந்தது. நானே அன்றுதான் கவனித்தேன்.

இயக்குநர் நீண்ட மூச்சு விட்டார். “அம்மா, தீ இல்லைன்னு நிரூபணம் ஆயிட்டா, இது நேத்துவந்த வெறும் காகிதம். காகிதத்தை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணப் போறோம்?”

“கொடுத்துடுவீங்கல்ல?”

“பெட்டியைக் கொண்டாங்க. சரிபார்த்துட்டுத் தந்துடுவோம்.”

அம்மாவைப் பின்தொடர்ந்து படிக்கட்டு வரைக்கும் ஓடினேன். “அம்மா, கொண்டு வராதேம்மா. நாலு வருஷமா இதையேதான் சொல்றாங்க.”

“போடா, பயந்தாங்கொள்ளி. பெட்டியைப் பார்த்தாத்தானே நம்புவாங்க? கையில நெய்யை வெச்சுக்கிட்டு வெண்ணெய்க்கு அலையறவன் நீ,” என்றாள். பழமொழியைத் திருப்பிப் போட்டுவிட்டாள் என்பதைச் சொல்லித் திருத்தும் மனநிலையில் நான் இல்லை.

மறுநாளே, நாற்பது வீட்டுத் துணியையும் நிறுத்திவைத்துவிட்டு, வீங்கிய கையால் பெட்டியைச் சுமந்துகொண்டு மாடி ஏறினாள். உள்ளே முந்தின நாள் சாம்பல்கூடத் தட்டாமல் இருந்தது. குழு கூடியது. தேநீர் முடிந்தது. கண்ணாடியைத் திறந்து, தழும்பின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடு இழுத்து, அந்தத் தாளைப் பெட்டியின் முனையோடு ஒட்டவைத்தார்கள். நெளிசலோடு நெளிசல் அச்சாகப் பொருந்தியது. சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்திலும் பிடித்தார்கள். அப்போது விதி தளர்த்தப்பட்டிருந்தது. வருடம் பளிச்சென்று தெரிந்தது.

“நான் சொன்னேன்ல?” என்று அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கே ஒரு கணம் கிரேன் தெரிந்தது.

வரலாற்றுத் துறைத் தலைவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நண்பர்களே, நான் தோத்துட்டேன். பெருமையோட தோத்துட்டேன்! தீ ஓர் ஊகம்தான். ஊகத்தை எந்தப் பல்கலைக்கழகமும் வெச்சுக்கலாம். இதுவோ நிரூபணம்! ஒரு தாய், ஒரு பெட்டி, ஒரு சான்றிதழ்! நம்ம சேர்க்கை நிபந்தனை எண் பதினாலை ஒரு குடும்பம் இவ்வளவு உயிரைக் கொடுத்து நிறைவேத்தியிருக்குன்னா, அதுக்குக் கண்ணால பார்க்கிற சாட்சி உலகத்துல இது ஒண்ணுதான். இத்தனை நாள் சான்றிதழ் தனியா இருந்துச்சு. இப்ப இணைபொருள்! இணையைப் பிரிக்கிறது பாதுகாப்பு விதிப்படி குற்றம்!”

ஏழு பேரும் மேசையைத் தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். நல்லதுதான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் என் பக்கம் ஒரு படிவத்தைத் தள்ளினார். பொருள் பெறுகைப் படிவம். பூர்த்தி செய்வது வழிகாட்டியின் கடமை. ‘நி.பொ. 1/இ. கரிப் பெட்டி, ஒன்று. கைப்பிடி: கட்டில் கால். உள்ளே: சாம்பல், கண்டெடுத்த நிலையில்.’ எழுதும்போது என் கை ஒழுங்காகத்தான் ஓடியது. நிறுத்தினால் வேறொருவர் எழுதுவார், அவர் கட்டில் காலை விட்டுவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“எப்பங்கய்யா தருவீங்க?” என்று அம்மா கேட்டாள்.

ஒன்றாம் தேதி வந்தது, போனது. துறைமுகத்தில் பட்டியலில் அடுத்த ஆள் சேர்ந்தார். அம்மா பக்கத்துத் தெருவில் ஒரு மின்சாரப் பெட்டியை மத்தியானம் மட்டும் இரவல் வாங்கித் தேய்க்கிறாள். அதில் கனம் இல்லை, எவ்வளவு அமுக்கினாலும் சுருக்கம் போகவில்லை, கை முன்னைவிட அதிகமாக வலிக்கிறது என்கிறாள். நாற்பது வீடு பதினாறாகிவிட்டது. என் சட்டையைத் தேய்க்க நேரம் இல்லை. ஊழியர்கள் சுருக்கமில்லாத உடையில் வரவேண்டும் என்று இயக்குநர் எனக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். சட்டைக்கான கருவி பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் பதில் கொடுத்தேன். அந்தப் பதிலுக்கு எண் போட்டுவிட்டார்கள்.

தரம் பார்க்கும் குழு போன வாரம் வந்தது. இணைபொருளைப் பார்த்து அசந்துபோய் நாற்பதுக்கு முப்பத்தொன்பது கொடுத்தது. கரப்பானுக்கு ஒரு கால் இல்லாததால் ஒன்று குறைந்ததாம்.

குழு உள்ளே இருந்த அதே நேரத்தில் அம்மாவும் வந்திருந்தாள். நன்கொடையாளரின் தாய்க்கு அனுமதி இலவசம். கண்ணாடி மூடியைத் துடைப்பதற்காக அப்போதுதான் திறந்து வைத்திருந்தார்கள். அம்மா பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

“சாம்பலை இன்னும் தட்டவே இல்லியாடா? உள்ள துரு ஏறிடும்டா,” என்று முணுமுணுத்துக்கொண்டே, தட்டிவிடுவதற்காகக் கட்டில் காலைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

குழு பார்த்துக்கொண்டிருந்தது. இயக்குநர் என்னைப் பார்த்தார்.

பிறந்ததிலிருந்து அம்மாவை நான் ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

“பார்வையாளர்கள் பொருட்களைத் தொடாதீர்கள்,” என்றேன்.

அம்மா கையை எடுத்துவிட்டாள். வீங்கிய கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு, “சரிங்க,” என்றாள்.

குழுத் தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். அன்று மாலையே எனக்குக் கடிதம் வந்தது. என் கடமையுணர்வைப் பாராட்டி, பணியை நிரந்தரமாக்கப் பல்கலைக்கழகம் மகிழ்ச்சியோடு முடிவு செய்திருக்கிறது. பத்து நாட்களுக்குள் பள்ளி இறுதி மதிப்பெண் சான்றிதழின் மூலப்படியை, மடிப்போ சுருக்கமோ இன்றி, சேர்க்கைப் பிரிவில் ஒப்படைக்க வேண்டும்.

சரிபார்த்துவிட்டுத் தந்துவிடுவார்களாம்.